வெந்நீர் ஆகாத சாமான்

வாயிலிருந்து பல் கிளிப்பைக் கழற்றிக் கண்ணாடி கிளாஸுக்குள் போடும்போதுகூட மாரீஸ்வரி பேச்சை நிறுத்துவதில்லை. கிளிப்பு மாட்டியிருக்கும்வரை சில எழுத்துகள் சற்று வழுக்கும். கழற்றிவிட்டால் வசவு சுத்தமாக வரும். "கொடத்துல ஓட்டை விழுந்துருச்சுன்னு கொண்டாந்து நீட்டுறான். ஆட்டுக்குட்டி ஏறி மிதிச்சா ஓட்டை விழாம என்ன செய்யும்? கம்பெனிக்காரன் ஆட்டுக்குட்டிக்கா கொடம் செஞ்சான்?" என்று பெஞ்சில் இருக்கிற எங்களைப் பார்த்துக் கேட்பார். நாங்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அடுத்த குடம் நம் தலையில்தான் விழும். அதற்குள் அவருடைய கணவர் இருளப்பசாமி டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிடுவார். கிளிப்பு கிடக்கிற கிளாஸை எடுத்து, பாய்லர் குழாய்க்கு அடியில் பிடித்து ஒரு அலசு அலசுவார். பிறகு அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஈ மொய்க்காமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பார்.

திருச்சுழியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கடைகள். இடது பக்கம் இருளப்பசாமியின் டீக்கடை. வலது பக்கம் மாரீஸ்வரியின் ப்ளாஸ்டிக் கடை. இருளப்பசாமி அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து மனைவி பேசிவிடுகிறார். அவருக்கு இருக்கிற ஒரே பிடிவாதம் சுத்தம். பாய்லர் வெந்நீரில் அலசாத கிளாஸ் அவர் கடையில் யார் கைக்கும் போகாது. நரிக்குடி பஸ் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இங்கே வந்து குடிப்பது அதற்காகத்தான். நான் எதிர்ச் சாரியில் பத்திரம் எழுதுகிற இடத்தில் டைப் அடிக்கிறவன். பகல் டீ எனக்கும் அங்கேதான்.

மாரீஸ்வரிக்கு நாற்பது வயது இருக்கும். கட்டையான உடம்பு, தூக்கிச் செருகிய சேலை, கையில் எப்போதும் ஒரு கொக்கிக் கம்பு. கூரையிலிருந்து கயிறு கயிறாகத் தொங்குகிற குடங்களையும் வாளிகளையும் அந்தக் கம்பால்தான் இறக்குவார். அதே கம்பைக் காட்டித்தான் பேசுவார். சாமான் வாங்க வருகிறவர்களை விற்பதற்கு முன்பே திட்டிவிடுவது அவர் வழக்கம். "வெயில்ல போடாத. அடுப்புகிட்ட வைக்காத. வெந்நி ஊத்தாத. ஊத்திட்டு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்காத. வித்த சாமான நான் திருப்பி எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." வாங்குகிறவர் தலையை ஆட்டினால்தான் சாமான் கைக்கு வரும்.

ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. காரணம் அவருடைய சோதனை. குடத்தை விரல் முட்டியால் ஒரு தட்டு. விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அழுத்திய இடம் வெளுத்துப் போனால் அது பழசை உருக்கி ஊற்றியது. வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்தால் நல்ல சரக்கு. இதில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கிற வியாபாரம் அவரிடம் கிடையாது. "இது ஒரு கோடை தாங்காது. தெரிஞ்சு எடுக்கிறதா இருந்தா எடு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து வசவு வரும், பொய் வராது என்பது இந்தப் பக்கம் ஊருக்குத் தெரிந்த விஷயம்.

இந்த வாயில்தான் கோளாறு. மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறிக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொள்வது மற்றவர்களுக்கு வெறும் பேச்சுவழக்கு. மாரீஸ்வரிக்கு ரத்தக் காயம். உரக்கக் கத்தும்போதெல்லாம் அந்தப் பல் கீழுதட்டில் இறங்கும். புண் ஆறுவதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும். அருப்புக்கோட்டையில் பாளையம்பட்டிக்குப் போகிற வழியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டர் ராஜகுரு, இப்படியே விட்டால் புண் கெட்ட புண்ணாகிவிடும், பல்லை உள்ளே தள்ளியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்பி கட்டலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாத ப்ளாஸ்டிக் கிளிப்பு போடலாம். மாரீஸ்வரி கிளிப்பைத்தான் கேட்டார். "கம்பி கட்டுனா எங்கிட்ட ஏச்சு வாங்குனவன்லாம் வந்து, என்னக்கா வாய்க்கு வேலி போட்டாச்சான்னு கேப்பான். எனக்கு அது தேவையா" என்றார்.

அந்தக் கிளிப்பு பல்வரிசைக்கு அச்சாக வார்த்த மெல்லிய உறை. ப்ளாஸ்டிக் தகட்டைச் சூட்டில் இளக்கிப் பல்லின் அச்சுமேல் இழுத்துப் படிய வைத்து வெட்டுகிறார்கள். ஆனால் பல் இப்போது இருக்கிற இடத்துக்கு அல்ல, வந்து சேர வேண்டிய இடத்துக்கு. இரண்டு மூன்று முடி கனம்தான் வித்தியாசம். மாட்டும்போது உறை சற்று விரிந்து கொடுக்கும். பிறகு தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முயற்சியில் பல் நகரும். இதை டாக்டர் சொல்லத் தொடங்கியதுமே மாரீஸ்வரி பிடித்துக்கொண்டாராம். கிளிப்பில் சூடு படக்கூடாது என்று அடுத்து டாக்டர் வாயெடுத்ததும், "ப்ளாஸ்டிக்கப் பத்தி எனக்கேவா சொல்றீக? நாள் பூராம் ஊருக்கே அதத்தான் நான் சொல்லிட்டுக் கெடக்கேன்" என்று மறித்துவிட்டாராம். டாக்டரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். இதை மாரீஸ்வரி, இருளப்பசாமி கடையில் இல்லாத ஒரு நேரத்தில், எங்களிடம் பெருமையாகவே சொன்னார். வீட்டில் மட்டும் யாரிடமும் கிளிப்புக்குச் சூடு ஆகாது என்று சொல்லத் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்ததைத் தன் வீட்டில் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

மாதங்கள் போயின. செட்டு செட்டாகக் கிளிப்பு மாறியது. பல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே டீக்கடைக்கு வந்தார். கிளிப்பைக் கழற்றவில்லை, டீயும் கேட்கவில்லை. "நான் கிளிப்பே மாட்டுறதில்லயாம். கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்காக. நோயாளி ஒத்துழைக்கவில்லைன்னு. அங்க வேலை பாக்குற புள்ள படிச்சுக் காட்டுது" என்றார். இருளப்பசாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "சோறு திங்க, டீ குடிக்க, பல்லு வெளக்கத் தவிர நான் இதக் கழட்டுனது உண்டா? தூக்கத்துலகூட மாட்டிட்டுத்தான கெடக்கேன். வலிச்சா வலிக்கட்டும்னு மாட்டுனேன். என்னையப் பொய்க்காரின்னு எழுதி வச்சிருக்கான்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்மணி கிளிப்போடு அல்லாடுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். ஈறு வீங்கியிருந்த நாளில் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை மறுபடி மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். திரையில் ஒரு படம் சரியில்லை என்றால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பொய்யராக்கிவிடுகிற இந்த வழக்கத்தை யார் பழக்கிவிட்டார்கள் என்று தெரியவில்லை. ஏன் இப்படி ஆனது என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகிவிடும்? நான் முணுமுணுத்தது மாரீஸ்வரியின் காதில் விழுந்துவிட்டது. "நீங்க வாங்க சார். தெனம் பாக்குறீகள்ல. வந்து சாட்சி சொல்லுங்க" என்றார். மறுநாள் நான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் இருந்தேன்.

டாக்டர் ராஜகுரு சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "போட்டிருந்தா பல்லு நகர்ந்திருக்கணும்மா. நகரல. அப்ப நாங்க என்னன்னு எழுதுறது?"

"நான் சொல்லவா? நீங்க பழசு உருக்குன சரக்க எனக்கு மாட்டி விட்டிருக்கீக. போட்ட மறுநாளே தொளதொளன்னு ஆயிருது. பத்து வருசமா ப்ளாஸ்டிக் விக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

இப்போது டாக்டருக்குக் கோபம் வந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, கிளிப்பு வெட்டிய தகட்டின் மிச்ச ஓரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது உங்க கிளிப்பு செஞ்ச அதே தகடு. நீங்களே பாருங்க." மாரீஸ்வரி அதை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளுக்கவில்லை. வளைத்துவிட்டார். நிமிர்ந்துகொண்டது. இன்னொரு தடவை வளைத்துப் பார்த்தார். "சரக்கு நல்ல சரக்குதான்" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

டாக்டர் மாரீஸ்வரியின் பழைய கிளிப்பை வாங்கி அதன் அச்சுமேல் மாட்டினார். அது பிடிக்காமல் ஆடியது. ஓரம் ஒரு பக்கம் விரிந்திருந்தது. அவர் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். இதை அவர் முன்பே செய்து பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "புதுசா மாட்டுறப்பதான் அழுத்தம் ஜாஸ்தி. நாள் ஆக ஆகக் குறையும். எச்சில்ல ஊறும், கடிபடும், அதெல்லாம் சகஜம். அதுக்குத்தான் செட்டு மாத்துறோம். ஆனா இதுல வடிவமே மாறியிருக்கு." சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, தகட்டின் ஓரத்தை அதில் போட்டார். எடுத்து வளைத்தார். வளைந்தது வளைந்தபடியே நின்றது. "சூடு எங்கயாவது படுதாம்மா?"

அந்த அறையில் அதுவரை கேட்ட சத்தமெல்லாம் சத்தமே இல்லை. "சூடா? எங்கிட்டயா கேக்குறீக? வெந்நி ஊத்தாதன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சு போனவ நான். ஊர்ல எத்தன பேரை ஏசியிருப்பேன். நானே போய் ஊத்துவனா? கேளுங்க சாரை."

டாக்டர் என்னைக் கேட்டார். பகல் முழுக்க வாயில்தான் இருக்கும், டீ குடிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்றேன். கழற்றி எங்கே வைப்பார் என்றார். கண்ணாடி கிளாஸில், மூடித்தான் இருக்கும் என்றேன். எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன். தினமும் கண்ணெதிரே நடக்கிற காரியம் எனக்கு ஒரு காரியமாகவே படவில்லை.

"சரிம்மா. இந்த செட்டையே மறுபடி இப்பவே புதுசா அடிச்சுத் தர்றேன். இதுவும் இப்படி ஆச்சுன்னா கிளிப்ப விட்டுருவோம், கம்பிதான். சூடு பட்டிருந்தா ஒரு ஃபோன் பண்ணுங்க. நான் எழுதினதை, போட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்கன்னு திருத்திடறேன்."

"வெந்நிதான்னு தெரிஞ்சா என் வாயாலயே சொல்றேன். ஆனா சொல்ல வேண்டி வராது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். சிக்கல் எனக்கும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சூடு பட்டிருந்தால் அவர் பொய்க்காரி இல்லை. ஆனால் ஊரையே எதற்காகத் திட்டுகிறாரோ அதே காரியம் அவர் கிளிப்புக்கே நடந்திருக்கிறது என்று ஆகிவிடும். பொய்க்காரிப் பட்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்வார் போலிருந்தது. இதைத் தாங்க மாட்டார். திருச்சுழி வருவதற்குச் சற்று முன்னால் பின்பக்கம் திரும்பினார். "சார், அந்த டாக்டரு வெந்நின்னு கேட்டத ஊர்ல சொல்லிராதீக. எங்க வீட்டுக்காரர்ட்டகூட வேணாம். எல்லாரும் சிரிப்பாக." புது செட்டு வாயில் இருந்ததால் எழுத்துகள் வழுக்கின. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

மறுநாள் பகல் டீ. மாரீஸ்வரி புதுக் கிளிப்பைக் கழற்றி கிளாஸுக்குள் போட்டார். டீயை வாயில் வைப்பதற்குள் அவர் கடை முன்னால் ஒரு ஆள் வந்து நின்றான். நரிக்குடிப் பக்கத்து முத்துராஜ்; ஆடு மேய்க்கிறவன். கையில் ஒரு நீல வாளி. வாளி என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் வயிறு தள்ளி, விளிம்பு கோணி, தரையில் வைத்தால் சாய்ந்தது. மாரீஸ்வரி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டார்.

"என்னய்யா இது?"

"மதினி, வீட்ல பிள்ள பெத்திருக்கா. குளிக்க வெந்நி வெளாவுறதுக்கு..."

"வெளாவுறதுக்கு?"

"பச்சத் தண்ணி பத்தல. கொதிச்சத அப்படியே ஊத்திட்டாக எங்காத்தா. மாத்திக் குடுத்தா..."

"நீ வாங்கயில நான் என்ன சொன்னேன்? இந்தா இந்த எடத்துல நின்னுதான சொன்னேன். வெந்நி ஊத்தாதன்னு சொன்னனா இல்லையா? தலைய ஆட்டுனியா இல்லையா?"

"ஆட்டுனேன் மதினி. வீட்ல சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? வீட்ல சொல்லாம நீ மட்டும் தலைய ஆட்டி என்னத்துக்கு? வாளி உங்கூடவா குடும்பம் நடத்துது? வெந்நி வைக்கிறவுகளுக்குத் தெரிய வேணாமா? படிச்சுப் படிச்சுச் சொல்றேன், ஒருத்தன் காதுலயும்..."

பின்னால் பாய்லர் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். மாரீஸ்வரி பேச்சைப் பாதியில் நிறுத்தியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் திரும்பினார். இருளப்பசாமி கிளாஸைக் குழாய்க்குக் கீழே பிடித்திருந்தார். கிளாஸுக்குள் கிளிப்பு. மேலே ஆவி.

இருளப்பசாமிக்கு ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. குழாயை மூடினார்.

"எத்தன நாளா?" என்றார் மாரீஸ்வரி.

"என்னது?"

"வெந்நி ஊத்துறது."

"நீ போட்ட அன்னையிலருந்துதான். வாய்க்குள்ள போற சாமான். ஆஸ்பத்திரிச் சாமானெல்லாம் வேக வச்சுத்தான எடுக்காக. சுத்தமா இருக்கட்டும்னு..." அவர் குரல் தேய்ந்தது. "ஏன், ஊத்தக்கூடாதா?"

மாரீஸ்வரி கீழுதட்டைக் கடித்தார். பல் பழைய இடத்திலேயே இறங்கியது. ரத்தம் முத்தாகத் துளிர்த்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கழுத்து நரம்பு புடைத்தது. இனி அவர் போடுகிற சத்தத்தில் கூரை பறந்துவிடும் என்று நினைத்தேன். அவர் போய் ஆவி பறக்கிற கிளாஸுக்குள் விரலை விட்டுக் கிளிப்பை எடுத்தார். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினார். அழுத்தியது அழுத்தியபடியே நின்றது.

இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தார். எல்லோரும் கேட்கிற மாதிரியேதான் பேசினார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. "டாக்டரா? திருச்சுழி மாரீஸ்வரி. வெந்நிதான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "எப்படின்னா என்ன, எங்க கடையிலதான். நாந்தான் வீட்ல சொல்லல. எழுதினத அழிச்சிருங்க." ஃபோனை வைத்துவிட்டார். உதட்டைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார். கணவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவரோ வெந்நீர்க் கிளாஸை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

முத்துராஜ் கோணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தான். "நான் வாரேன் மதினி."

"நில்லு."

அவன் நின்றான். மாரீஸ்வரி கொக்கிக் கம்பை உயர்த்தினார். தொங்குகிற வாளிகளில் கனமான ஒன்றை இறக்கினார். முட்டியால் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு அழுத்து. அவன் கையிலிருந்த கோணல் வாளியைப் பிடுங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டு, புதுசை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினார்.